25 வாரத்தில் பிறந்த குழந்தை: வீடு திரும்பியதோடு செலவு முடிந்துவிடுமா?

மார்ச் 2, கேள்வி

எங்கள் மகள் 25 வாரத்தில் 720 கிராம் எடையுடன் பிறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வாரங்கள் முடிந்துவிட்டன. வென்டிலேட்டரை எடுத்துவிட்டு இப்போது மூக்கு வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை வைத்திருக்கிறார்கள். சேமிப்பு முழுவதும் கரைந்து, கடனும் வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டால் பெரிய செலவு முடிந்துவிடும் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அது உண்மையா? என்னென்ன சிக்கல்கள் வரலாம், எதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

முடிந்துவிடாது. ஒரே கட்டாக வருகிற பெரிய கட்டணம் அன்றோடு நிற்கும். சிறு சிறு தொகைகளாக ஆண்டுக்கணக்கில் வருகிற செலவு அன்றுதான் தொடங்கும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என் மகனும் 25 வாரத்தில் பிறந்தவன்தான்; இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்களுக்கும் இதே ஆறுதலைத்தான் சொன்னார்கள். எந்த வயதில் எது வரக்கூடும் என்று யாராவது அப்போதே வரிசையாகச் சொல்லியிருந்தால், பணத்தையும் தெம்பையும் இன்னும் நிதானமாகப் பங்கிட்டிருப்போம். ஒரே மூச்சில் எழுதிவிடக்கூடிய பதில் அல்ல இது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதிச் சேர்க்கிறேன்.

மார்ச் 3

முதலில், இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கட்டணத்தைப் பற்றி. 28 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அதிதீவிரக் குறைமாதக் குழந்தைகள் என்று தனியாக வகைப்படுத்துகிறது. 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நம் குழந்தைகளைப் போன்றவர்கள் இருபதில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் சிகிச்சைச் செலவில் இவர்களுடைய பங்கு எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரியது.

காரணம் நாட்கள். பிரசவத் தேதியாக முதலில் குறித்துக் கொடுத்த தேதியை ஒட்டித்தான் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் வீடு திரும்புகிறார்கள். 25இலிருந்து 40 வரை என்றால் பதினைந்து வாரங்கள். அத்தனை நாட்களும், மூன்று வேளைப் பணிமுறையிலும், ஒரு செவிலியர் ஒன்றிரண்டு குழந்தைகளை மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கட்டணத்தைப் பார்க்கும்போது நம் கண் இன்குபேட்டர், வென்டிலேட்டர் ஆகியவற்றின் மீதுதான் போகிறது. உண்மையில் பெரும் பங்கு அந்தக் கைகளுக்கான ஊதியம். ஆகையால் தங்கும் நாட்களைக் குறைக்கும் எதுவும் செலவையும் குறைக்கும். ரத்தத்தில் ஒரு கிருமித்தொற்று வந்தால் வாரக்கணக்கில் பின்தங்கிப்போகும். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் முழங்கை வரை கை கழுவச் சொல்லும் செவிலியரிடம் தயவுசெய்து எரிச்சல் கொள்ளாதீர்கள்.

மார்ச் 4

நுரையீரலிலிருந்து தொடங்குகிறேன், செலவின் பெரிய கிளைகள் அங்கிருந்துதான் பிரிகின்றன.

மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் தேவை. 24 வாரத்தையொட்டிச் சிறிதளவு சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் அது போதுமான அளவை எட்டுகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இந்தக் குறைபாடுதான் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாட்களில் இதே கோளாறால் இறந்தான். ஒரு நாட்டின் அதிபரால்கூட அன்று விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாத அந்தப் பொருளை, 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பயன் கண்டதை வெளியிட்டார். உங்கள் கட்டணப் பட்டியலின் முதல் பக்கத்தில், பிறந்த அன்றைய தேதியிட்டு, விலை உயர்ந்த ஒரு மருந்து இருந்தால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மருந்து வந்துவிட்டாலும் அந்த நுரையீரல் வளர்ச்சி முழுமையடையாததுதான். உயிரைக் காக்கும் ஆக்சிஜனும் காற்றழுத்தமுமே அதைத் தழும்பாக்கவும் செய்கின்றன. கருவிலிருந்த வாரங்களையும் சேர்த்து எண்ணி 36 வாரக் கணக்கை எட்டிய பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதை நாள்பட்ட நுரையீரல் நோய் என்பார்கள். அப்படி இருந்தால் வீட்டில் ஆக்சிஜன் கருவி, விரலில் மாட்டும் அளவி, முதல் இரண்டு ஆண்டுகளில் சளி பிடிக்கும்போதெல்லாம் மறுபடி மருத்துவமனை என்று செலவு நீளும். என் மகன் விஷயத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்த மறு அனுமதிகள்தான். ஆர்.எஸ்.வி. என்ற நுரையீரல் வைரஸுக்கு எதிரான ஊசி கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். மாதந்தோறும் போடும் பலிவிசுமாப் முன்பே இருந்தது. ஒரே தவணையில் ஒரு பருவத்தைக் காக்கும் நிர்செவிமாப் 2022க்குப் பிறகு பல நாடுகளில் வந்திருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் தீவிர சிகிச்சையில் கழியும் ஒரு வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விலை அது.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

எல்லாமே விலை உயர்ந்தவை என்ற எண்ணத்தை மேலே எழுதியது தந்துவிடக் கூடாது. இந்தக் குழந்தைகள் மூச்சு விடவே மறந்துபோவார்கள். கருவி அலறும், திரையில் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் எண்பதுக்கும் கீழே இறங்கும், செவிலியர் பதறாமல் வந்து உள்ளங்காலை ஒரு விரலால் சுண்டுவார், குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி மூச்செடுக்கும். இதற்குத் தரும் மருந்து காஃபீன். மலிவானது. அதைப் பெற்ற குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் குறைந்ததையும், ஒன்றரை வயதைத் தாண்டிப் பார்த்தபோது பெருமூளை வாதமும் குறைந்திருந்ததையும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது.

மார்ச் 6

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'மூன்று நாளுக்கொரு முறை தலை ஸ்கேன், வாராவாரம் கண் பரிசோதனை, தினமும் ரத்தப் பரிசோதனை. இவையெல்லாம் உண்மையிலேயே தேவையா, கட்டணத்தை ஏற்றும் வழியா?' கட்டணத்தைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் எழும் சந்தேகம் இது. ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார்கள் என்பதை எழுதுகிறேன், நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தலை ஸ்கேன்: மூளையின் நீரறைகளை ஒட்டி மெல்லிய ரத்தக்குழாய்கள் அடர்ந்த ஒரு திசு உண்டு, 32 வாரத்துக்குப் பிறகு அது கரைந்து மறைகிறது. அதற்குள் பிறந்துவிடும் குழந்தைக்கு ரத்த ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வில் அந்தக் குழாய்கள் உடையக்கூடும். பெரும்பாலான கசிவுகள் முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிடுவதால் முதல் வாரத்தில் பார்ப்பார்கள். முதல் இரண்டு நிலைக் கசிவுகளோடு பல குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். மூன்றாம், நான்காம் நிலை என்றால் தலையில் நீர் தேங்குகிறதா என்று அடிக்கடி பார்த்தாக வேண்டும். சிலருக்கு அந்த நீரை வடிக்கும் குழாய் பொருத்த வேண்டியிருக்கும், அதுவும் பிற்காலத்தில் அடைத்துக்கொண்டு மாற்றவேண்டி வரலாம். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் வீடு திரும்புவதற்கு முன் ஒன்று எடுக்க வேண்டும். மூளையின் வெண்பகுதியில் ஏற்படும் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியவரும்.

ரத்தம்: 720 கிராம் குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ 60 மில்லி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அரை மில்லி, ஒரு மில்லி என்று எடுத்தாலே ரத்தசோகை வந்து, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரும். ஆகவே இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் தயங்காமல் பேசலாம்: 'இரண்டு பரிசோதனைகளையும் ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் செய்ய முடியுமா?' நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

கண்: இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பாதி வளர்ந்த நிலையில் குழந்தை வெளியே வந்துவிடுகிறது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையைப் பிய்த்து இழுத்தால் பார்வை போய்விடும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும், கட்டுப்பாடில்லாமல் ஆக்சிஜன் கொடுத்ததால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். பின்னர் ஆக்சிஜனை மிகவும் குறைத்தபோது இறப்புகள் கூடின. ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதம் என்ற அளவில் வைத்த குழந்தைகளுக்குக் கண் நோய் குறைந்ததையும், ஆனால் 91 முதல் 95 சதவீதத்தில் வைத்தவர்களைவிட அவர்கள் அதிகமாக இறந்ததையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் திரையில் ஒரு எண்ணுக்கு மேலும் கீழும் ஏன் எல்லை வைத்திருக்கிறார்கள் என்பதன் வரலாறு இதுதான்.

25 வாரத்தில் பிறந்தவர்களுக்கு முதல் கண் பரிசோதனை பொதுவாக 31 வாரக் கணக்கில் வர வேண்டும், சில இடங்களில் இன்னும் முன்னதாகவே செய்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது அடுத்த வாரம். நாளை காலையே கேட்டுவிடுங்கள். சொட்டு மருந்து விட்டு, இமைகளை ஒரு சிறு கம்பியால் விலக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள், குழந்தை அழும், பார்க்கச் சகிக்காது. சிகிச்சை தேவை என்று சொன்னால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும். பணம் புரட்டிக்கொண்டு அடுத்த மாதம் வரலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பரிசோதனைக்கு ஆகும் தொகை, இந்த முழுக் கதையிலும் மிகச் சிறிய தொகைகளில் ஒன்று.

மார்ச் 7

குடல் விடுபட்டுவிட்டது. பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லாம் சீராகப் போகிறது என்று நினைக்கும் நேரத்தில், வயிறு உப்பி, பால் செரிக்காமல் பச்சை நிறத்தில் வெளியே வரும். குடலழற்சி முற்றினால் அறுவை சிகிச்சை, குடலின் ஒரு பகுதி இழப்பு, மாதக்கணக்கில் நரம்பு வழியாக ஊட்டம் என்று போகக்கூடியது இது. இதைக் குறைப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒன்று தாய்ப்பால். அம்மாவின் பால் போதாவிட்டால் பால் வங்கியிலிருந்து கொடைப்பால்.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் பீய்ச்சிக் கொண்டுபோகும் பால் சில துளிகளாக இருக்கும்போது, இதனால் என்ன பயன் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்து, அதிலிருந்த ஒரு மில்லி பால் மெல்லிய குழாய் வழியே தானாக என் மகனின் வயிற்றுக்குள் இறங்கும் வரை அசையாமல் நின்றிருக்கிறேன். அந்த ஒரு மில்லியைத் தருவதற்கு அந்தப் பெரிய அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

மார்ச் 11

குழந்தையை மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறையைப் பற்றி, 'அது ஏழைகளுக்கான மாற்றுத்தானே' என்று ஒருவர் எழுதியிருந்தார். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா இன்குபேட்டர் பற்றாக்குறையால்தான் அதைத் தொடங்கினார், அது உண்மை. ஆனால் 2021இல் வெளியான பல நாட்டு ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையிருந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்தபோது, இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதையே பொதுப் பரிந்துரையாக்கியது. உங்கள் மகளுக்கும் சிபாப் இருக்கும்போதே செய்யலாம், குழாய்களை ஒழுங்குபடுத்தித் தர செவிலியர் வேண்டும், அவ்வளவுதான். தந்தையும் செய்யலாம்.

மார்ச் 15

பட்டியலில் வராத செலவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன்.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, குறைமாதப் பிறப்புகளால் அந்நாட்டுக்கு 2005இல் ஆன செலவு குறைந்தது 2,620 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழந்தையின் மருத்துவச் செலவு. சிறப்புக் கல்வியும் ஆரம்பகாலப் பயிற்சிகளும் தனியாக வருகின்றன. உழைப்புத்திறன் இழப்பு மட்டும் 570 கோடி. ஆனால் அந்த இழப்பிலும் வேலையை விட்ட தாய்மார்களின் ஊதியம் முழுமையாக வருவதில்லை. நான் வேலையை விட்டேன். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது திரும்பலாம் என்று இருந்தேன். மூன்றாவது முறை நுரையீரல் தொற்று வந்தபோது அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டோம். எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய செலவு அதுதான், அதற்கு எந்த ரசீதும் கிடையாது, எந்தக் காப்பீட்டிலும் அதைக் கோர முடியாது.

இதோடு மனநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்த தாய்மார்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய நெருக்கடியும் கூடுதலாகக் காணப்படுகின்றன, தந்தையரும் விலக்கல்ல. அதற்கு மருத்துவரைப் பார்ப்பதைக் கடைசிச் செலவாகத் தள்ளிவைக்காதீர்கள்.

மார்ச் 19

'திருத்திய வயது என்றால் என்ன, தடுப்பூசியையும் அதன்படி தள்ளிப்போடலாமா?' என்று கேட்டவருக்கு: கூடாது. உட்காருவது, நடப்பது, பேசுவது, எடை, உயரம் ஆகியவற்றைப் பிரசவத் தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும், குறைந்தது இரண்டு வயது வரை. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு; ஓரிரு விதிவிலக்குகளை உங்கள் மருத்துவர் சொல்வார்.

மார்ச் 28

முதல் நாள் பதிலில், வீடு திரும்பிய பிறகு வருபவை சிறு சிறு தொகைகள் என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றி மறுபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொகை சிறியதுதான், ஆனால் எந்தத் தொகை எதைத் தீர்மானிக்கிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

1995இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரம் நிறைவதற்கு முன் பிறந்து பிழைத்த குழந்தைகளை ஆறு வயதில் ஆராய்ந்தார்கள். 22 சதவீதத்தினருக்குக் கடுமையான குறைபாடு, 24 சதவீதத்தினருக்கு நடுத்தரம், 34 சதவீதத்தினருக்கு லேசானது, 20 சதவீதத்தினருக்கு எதுவும் இல்லை. அதன் பிறகு சிகிச்சை வெகுவாக முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் அந்த 34 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் மகன் அதற்குள் வருபவன். கடுமையான குறைபாடு கண்ணுக்குத் தெரியும், பயிற்சி உடனே தொடங்கும். லேசானது பள்ளி வரை ஒளிந்திருக்கும். அவன் நன்றாகப் பேசினான், கதை சொன்னான், எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் வகுப்பில், கரும்பலகையில் உள்ள கணக்கை நோட்டில் எடுத்தெழுதுவதற்குள் பாதி எண்கள் இடம் மாறியிருந்தன. சோம்பேறி என்றார் ஆசிரியை. உளவியல் மதிப்பீடு செய்தபோது, ஒரே நேரத்தில் பலவற்றை மனத்தில் நிறுத்திச் செயல்படும் திறன் அவனுக்குக் குறைவு என்று தெரிந்தது. மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்குக் கவனக்குறைவும் கணிதச் சிரமமும் வழக்கமானவை என்பதை அன்றுதான் எங்களிடம் ஒருவர் சொன்னார்.

அந்த மதிப்பீட்டுக்கு ஆன தொகையைத் தீவிர சிகிச்சைக் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அவன் பள்ளியில் நிலைத்தது அதனால்தான். ஆகவே எதற்குப் பணம் எடுத்து வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது என் பதில்: பிசியோதெரபி, செவித்திறன் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, பள்ளிக்குச் சேர்ப்பதற்கு முன்பும் எட்டு வயதை ஒட்டியும் ஒவ்வொரு முழு மதிப்பீடு. விளம்பரங்களில் வரும் மூளை வளர்ச்சி மருந்துகளுக்கு ஒரு காசும் வேண்டாம்.

ஏப்ரல் 3

'இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு குறைபாடுகளோடு, இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?' என்ற கேள்வி எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது. கேட்டவர் கொடுமைக்காகக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2013 முதல் 2018 வரை அமெரிக்க ஆய்வு மருத்துவமனைகளில், 23 வாரத்தில் பிறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 28 வாரத்தில் 94 சதவீதம். ஐந்து வாரங்களுக்குள் இத்தனை வேறுபாடு. 22, 23 வாரங்களில், தீவிர சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பில் ஒரு குறையும் காண எனக்கு மனம் வராது. ஆனால் குறைந்த வருமான நாடுகளில் 28 வாரத்துக்குள் பிறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள், வசதியான நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடைவெளியில் இறக்கும் குழந்தைகளின் பெற்றோர் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. அவர்களுக்காக முடிவெடுத்தது பணம்தான். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்ய, தாய்க்குக் குறைப்பிரசவ அறிகுறி தெரிந்தவுடன் போடும் ஸ்டீராய்டு ஊசி மிக மலிவானது. மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் நியூசிலாந்திலிருந்து 1972இல் அதன் பலனை வெளியிட்டார்கள். 1994இல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு வலியுறுத்திச் சொல்லும் வரை பெரும்பாலான தாய்மார்களுக்கு அது போடப்படவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மே 12

மகளுக்கு முதல் கண் பரிசோதனை உரிய நேரத்தில் நடந்தது, லேசர் தேவைப்படவில்லை, இந்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் நிறைந்தது. என்ன கேட்டு வாங்குவது என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெளியேறும் சுருக்கத்தில் பிறந்த வாரம், எடை, எத்தனை நாள் வென்டிலேட்டர், ஒவ்வொரு தலை ஸ்கேனின் முடிவு, கண் பரிசோதனை எந்த நிலையில் நிற்கிறது, அடுத்தது எந்தத் தேதி, செவிப் பரிசோதனை முடிவு, ஏற்றிய ரத்தம், போட்ட தடுப்பூசிகள் அனைத்தும் இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எங்களுக்குக் கிடைத்த தாளில் இரண்டாவது ஸ்கேனின் முடிவு விடுபட்டிருந்தது. அதைப் பின்னால் தேடி வாங்க மிகவும் அலைந்தோம். நாலைந்து நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள் குழந்தைப் பருவத்தோடு காலாவதியாவதும் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டிருப்பவை. முன்கூட்டியே பிறந்தவர்களுக்கு அவற்றின் எண்ணிக்கை குறையக்கூடும், பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் கூடுதலாக வருகிறது. பொதுவாகக் குழந்தைகளுக்கு மூன்று வயதில் தொடங்கும் ரத்த அழுத்தப் பரிசோதனையை, 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். என் மகனுக்கு இப்போது ஆண்டுக்கொரு முறை பார்க்கிறோம். சென்ற முறை புதிதாக வந்த மருத்துவர், எத்தனை வாரத்தில் பிறந்தாய் என்று அவனிடமே கேட்டார். அவனே பதில் சொன்னான். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மூச்சுத்திறன் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.